நுண்மையும் திண்மையும்: துப்பாக்கிக்குழல் புகட்டும் பாடம்

ஒரு கருவியை ஆக்குவோனும், அதனைத் தேர்ந்து கொள்வோனும் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். இக்கருவி தன் தொழிலை எத்துணைத் திருத்தமாகச் செய்யும் என்பது ஒன்று. அத்திருத்தம் எத்துணைக் காலம் நிலைநிற்கும் என்பது மற்றொன்று. முன்னதை நுண்மை எனவும் பின்னதைத் திண்மை எனவும் ஈண்டுப் பெயரிட்டுக் கொள்வோம். பொற்கொல்லனுடைய தராசு குன்றிமணியின் எடைக்கும் அசையும். ஆயின் அதில் நெல்மூடையை ஏற்றினால் தண்டு வளைந்துபோம். மூடை நிறுக்குந் தராசு தலைமுறை தலைமுறையாக நின்று உழைக்கும். ஆயின் குன்றிமணி ஒன்று தன் தட்டில் வீழ்ந்ததை அஃது உணராது. ஏட்டில் எழுதும் எழுத்தாணியும் அத்தகையதே. கூர் மிகின் ஓலை கிழியும், முனையும் விரைவில் மழுங்கும். கூர் குறையின் எழுத்துத் திருந்தாது.

இவ்விரு பண்புகளும் தம்முட் பொருதும் இடங்களுள், துப்பாக்கிக்குழலைப் போலத் தெளிவான சான்று பிறிதொன்று காண்டல் அரிது. பௌதிகம், இரசாயனம், உலோகத்தொழில், போர் வரலாறு ஆகிய நான்கும், இரண்டு முழமும் நிரம்பாத ஓர் உருக்குக் குழாயினுள் வந்து கூடுகின்றன. தமிழாசிரியன் ஒருவன் இப்பொருளைக் கையிலெடுத்தமை சிலர்க்கு வியப்பாகலாம். ஆயுதத்தைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் விளைவு யாதென்பதை நம் நாட்டு மக்கள் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டிய நிலையில் இல்லை. ஆயினும் கருவியொன்று ஏன் இவ்வாறு அமைந்தது என ஆராய்வது அறிவுக்கு நல்ல பயிற்சியாகும். பழைய மாணவருள் மூத்தோர் சிலர், மாணவர்படையிற் பயின்ற காலத்தில் .303 துப்பாக்கியைத் தோளிற் சுமந்திருப்பர். அதன் குழலை நாள்தோறும் துடைத்துமிருப்பர். அக்குழலினுள் ஐந்து வரிகள் ஓடின. ஏழு வரிகள் அல்ல, ஐந்தே. அஃது ஏன் என்பதற்குரிய விடையில் நம் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது.

1. குழலும் புரியும்

பழைய துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பானது. ஈயவுருண்டை அதனுட் சற்றுத் தளர்வாகவே இருந்தது. வெடித்தபொழுது அவ்வுருண்டை குழலின் பக்கங்களில் இடித்து இடித்து வெளியேறும். இறுதியில் எப்பக்கத்தில் இடித்ததோ அதற்கேற்பத் தாறுமாறாகச் சுழலும். அச்சுழற்சி காற்றோடு கூடி உருண்டையை வழிதவறச் செய்தது. நூறு யாருக்கு அப்பால் நின்ற தனியொருவனை அத்தகைய துப்பாக்கியாற் குறிவைத்துச் சுடுதல் பெரும்பாலும் நற்பேற்றின் செயலாகவே முடிந்தது.

குழலின் உட்சுவரிற் கயிற்றின் முறுக்குப்போலச் சுற்றிச் செல்லும் வரிகளை வெட்டுவார்களாயின், குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு தன் அச்சில் ஒழுங்காகச் சுழன்று வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் தன் நுனியை முன்னோக்கியே வைத்துக்கொண்டு செல்லும். வெட்டப்பட்ட பள்ளங்களைத் தவாளிப்பு அல்லது வரி என்பர். இடையில் நிற்கும் உயர்ந்த பகுதிகளை மேடு என்பர். இவை இரண்டுஞ் சேர்ந்ததே புரி. புரியுடைய குழல் கொண்ட துப்பாக்கியே றைபிள் எனப்படுவது.

இக்கலை ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டே அறியப்பட்டிருந்ததாயினும், அதன் காரணத்தைக் கணிதமுறையால் விளக்கியவர் ஆங்கிலேயராகிய பெஞ்சமின் றொபின்ஸ் ஆவர். குண்டெறியியலின் புதிய கோட்பாடுகளைக் கூறும் அவர் நூல் 1742இல் வெளிவந்தது. புரிக்குழலின் இயல்பையும் பயனையும் பற்றிய கட்டுரையை அவர் 1747இல் இலண்டன் வேத்தியற் கழகத்தார் முன்னிலையிற் படித்தார். இக்குழலின் தன்மையை முற்றாக உணர்ந்து படைக்குப் பயன்படுத்தும் நாடு ஏனைய நாடுகளிலும் மேம்பட்டு நிற்கும் என்பது அவர் கருத்து. அவ்வறிஞரின் வாழ்வு தமிழ்நிலத்திலேயே முடிந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கும்பனியின் கோட்டைகளைத் திருத்தியமைக்கும் பொறியியலாளராக 1750இல் வந்த றொபின்ஸ், கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையில், 1751ஆம் ஆண்டு யூலைத் திங்களிற் காய்ச்சலால் இறந்தார்.

2. நுண்மை எதனால் அமைகின்றது

குண்டுகள் பரவும் அளவைப் பாகைக் கலையால் அளப்பது வழக்கம். வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை என்பது 100 யாரில் ஓர் அங்குலத்திற் சிறிது கூடிய அகலமாகும். 1,000 யாரிற் பத்தரை அங்குலத்தை அண்மும். ஆகவே நூறு யாரிற் புலப்படாத சிறு பிழையும் தொலைவிற் பெரும் பிழையாகும்.

நுண்மைக்கு வேண்டிய இயல்புகள் சிலவற்றை எடுத்துக் கூறலாம். முதலாவது, துளையின் அகலம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவினதாதல் வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு மாற்றமும் ஈண்டுப் பெரிது. தேர்ந்த கம்மியர் ஈயக்கட்டையில் மெல்லிய அரத்தூள் பூசித் துளையினுள் முன்னும் பின்னும் இழுத்து, அதனை மெருகிடுவர். இரண்டாவது, புரியின் முறுக்கு ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் போகாது சீராக நிற்றல் வேண்டும். மூன்றாவது, குண்டு இறுதியாக விட்டுப் பிரியும் வாய்விளிம்பு எப்பக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். அவ்விளிம்பின் ஒருபுறம் சற்றே தேய்ந்திருப்பினும் காற்று அவ்வழியே முந்தி வெளிப்பட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். நான்காவது, குழல் விறைப்பாக இருத்தல் வேண்டும். வெடிக்கும்போது குழல் அடிக்கப்பட்ட மணியின் நாவைப்போல அதிர்கின்றது. திண்ணிய கோலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை ஐந்திலொரு பங்கு பெருக்கினால் விறைப்பு இரு மடங்காகும். போட்டியாளர் தடித்த குழலை விரும்புவதன் காரணம் இதுவே. ஆயின் அதனைச் சுமந்து பத்துமைல் நடப்பவன் வேறு கருத்துடையவனாய் இருப்பான்.

3. தேய்வு எதனால் நேர்கின்றது

குண்டு உராய்வதால் குழல் தேய்கின்றது எனப் பலர் எண்ணுவர். உராய்வு சிறு காரணமே. பெருங் காரணம் வெப்பம். மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் வெப்பம் உருக்கின் உருகுநிலைக்கும் மேற்பட்டது. .303 துப்பாக்கியினுள் அதன் அமுக்கம் ஒரு சதுர அங்குலத்துக்குப் 18 தொன்னளவு ஏறும். நல்வினையாக அது குழலினுள் நிற்கும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிது கூடியதே. அந்நேரத்துள் உட்சுவரின் மிக மெல்லிய மேற்படை மட்டும் கொதித்துக் குளிர்கின்றது. கொதித்துக் குளிருந்தோறும் வயல்நிலம் கோடையில் வெடிப்பதுபோல அப்படையில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். அடுத்த குண்டின் வாயு அவ்வெடிப்புகளின் ஓரங்களைக் கரைத்துக்கொண்டு செல்லும்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 5,000 முறை சுட்ட குழல் உண்மையில் வேலை செய்த நேரம் முழுவதையும் கூட்டினாற் பத்து வினாடியும் தேறாது. அதன் ஆயுள் முழுவதும் அவ்வளவே. மனிதன் செய்த பொறிகளுள் இவ்வளவு கடுமையாக உழைத்து இவ்வளவு குறுகிய காலத்துள் முதுமையெய்துவன சிலவே.

தேய்வு முதலில் தோன்றுமிடம் தொண்டை எனப்படும் பகுதி. தோட்டா இருக்கும் அறைக்கு முன்னே, புரி தொடங்கும் இடம் அதுவாகும். தொண்டை கரைந்து புரியின் தொடக்கம் முன்னோக்கிப் பின்வாங்கியபின், குண்டு சிறிது தூரம் பிடிப்பின்றிப் பாய்ந்து, பின்னர் புரியிற் சாய்வாக மோதுகின்றது. ஆதலின் குழலின் முன்பாதி புதிது போலிருப்பினும் குறி பரவத் தொடங்கும். சிறு துளையினூடே மிகுந்த மருந்தைச் செலுத்தும் தோட்டாக்கள் தொண்டையை விரைவில் அரிக்கும். பந்தயச் சுடுநர், அளவான மருந்துடைய .308 தோட்டாவுக்குரிய குழலிலிருந்து ஏறத்தாழ 5,000 குண்டுகளை எதிர்பார்ப்பர். மிகு மருந்துடைய சில தோட்டாக்களுக்கு 1,000 முதல் 1,500 வரையே எதிர்பார்ப்பர். விரைந்து தொடர்ந்து சுடுதலும் அவ்வாறே கேடு பயக்கும். பத்துக் குண்டுகளைப் பத்து நிமிடத்திற் சுடுவதும் அரை நிமிடத்திற் சுடுவதும் குழலுக்கு ஒன்றல்ல.

இவற்றோடு துருவும் சேரும். முற்காலத்து வெடிமூட்டியிலிருந்த பொற்றாசியங் குளோரேற்று எரிந்தபின் உப்பொன்றைக் குழலில் விட்டுச்செல்லும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரிரவுக்குள் துருவை விளைவிக்கும். படைஞர் சுட்டபின் குழலினுள் வெந்நீர் ஊற்றிக் கழுவியது இதன்பொருட்டே. எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். துடைத்தலும் அளவறிந்து செய்யவேண்டுவதே. துடைக்குங் கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்து வாய்விளிம்பில் ஒருபுறம் தேய்த்துவிட்டமையாற் கெட்ட குழல்கள் பல.

4. விற்வேர்த்தின் அறுகோணக் குழல்

இனி வரலாற்றிற்கு வருவோம். 1853இல் ஆங்கிலேயப் படை ஏற்றுக்கொண்ட என்பீல்ட் துப்பாக்கியின் துளை .577 அங்குலம், வரிகள் மூன்று, 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதனினுஞ் சிறந்தது உண்டோ என ஆராயும்படி, அக்காலத்துப் பொறிவல்லாருள் முதன்மை பெற்ற யோசேப் விற்வேர்த்தை அரசினர் வேண்டினர். அவர் துளையை .451 அங்குலமாகக் குறுக்கி, அறுகோண வடிவினதாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக முறுக்கினார். குண்டும் அவ்வறுகோணத்திற் பொருந்துமாறு நீண்டு அமைந்தது.

1857இல் ஹைத் என்னுமிடத்தில் இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. 500 யாரில் என்பீல்ட் குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி; விற்வேர்த்தின் குண்டுகளின் விலகல் 0.37 அடி. இஃது ஆறு மடங்கு மேம்பாடு. 1860இல் விம்பிள்டன் வெளியில் நடந்த முதற் பெரும் போட்டியைத் தொடக்கிவைத்த விக்டோரியா அரசியார், 400 யார் தொலைவிலிருந்து குறியின் நடுவையண்டிச் சுட்டதும், தாங்கியிற் பொருத்திய விற்வேர்த் துப்பாக்கியினாலேயே.

எனினும் படை அதனைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. கருமருந்து எரிந்தால் தடித்த கரி படியும். சிறிய துளை விரைவில் அடைபடும். பல முறை சுட்டபின் குண்டை உட்செலுத்துதல் கடினமாகும். விலையோ என்பீல்டினும் பன்மடங்கு. அமைதியான வெளியிற் கரியைத் துடைத்துத் துடைத்துச் சுடும் வல்லுநன் கையில் அது நிகரற்றது; மழையிலும் சேற்றிலும் நின்று அறுபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடவேண்டிய படைஞன் கையில் அது சுமையாகியது. நுண்மையை மட்டும் அளந்த சோதனையில் வென்ற கருவி, திண்மையையுஞ் சேர்த்தளந்த சோதனையிலே தோற்றது.

5. மெற்போட்டும் கோடைற்றும்

நுண்மையும் திண்மையும் ஒருங்கே வேண்டுமென முயன்றவர் வில்லியம் எலிஸ் மெற்போட். அவர் இருப்புப்பாதைப் பொறியியலாளர். இந்தியாவிலும் சிறிது காலம் பணிபுரிந்து, உடல்நலங் குன்றித் திரும்பியவர். கரியின் இயல்பை அவர் நன்கு ஆராய்ந்தார். ஆழமான வரியின் கூரிய மூலைகளிற் கரி தங்கும், துடைப்பதும் அரிது. ஆகவே வரிகளை ஆழங்குறைத்து, மூலைகளை வட்டமாக வளைத்து, மேடும் பள்ளமும் ஒன்றினுள் ஒன்று கலந்து செல்வதுபோல அமைத்தார். குண்டை ஈயத்தினுங் கடியதாக்கினார். குழல் இலேசாகத் துடைபட்டது. குண்டு சிதையாமற் சென்றது. போட்டிகளில் அவர் குழல்களே முன்னின்றன.

1888இல் ஆங்கிலப் படை .303 அங்குலத் துளையுடைய புதிய துப்பாக்கியை ஏற்றபோது, அதன் பொறியமைப்பு யேம்ஸ் பரிஸ் லீயினுடையதாகவும் புரி மெற்போட்டினுடையதாகவும் இருந்தன. ஆகவே லீ-மெற்போட் எனப் பெயர் பெற்றது. வரிகள் ஏழு, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வரியின் ஆழம் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்களவே. கருமருந்தை அழுத்தி நிரப்பிய தோட்டா அதிற் பயன்பட்டது. அம்மருந்துக்கு அப்புரி முற்றிலும் ஏற்றதாயிருந்தது என்பதை ஈண்டு மறத்தலாகாது.

ஆனால் உலகம் அதற்கு முன்னரே மாறத் தொடங்கியிருந்தது. 1884இல் பிரான்சிற் போல் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டார். 1886இல் அந்நாட்டுப் படை அதற்கேற்ற துப்பாக்கியை ஏற்றது. இங்கிலாந்தில் பிரெடெரிக் ஏபெலும் யேம்ஸ் டிவாரும் 1889இற் கோடைற்று என்னும் மருந்தை ஆக்கினர். நூற்றுக்கு 58 பங்கு நைத்திரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு கனிய மெழுகுக்களிம்பு என்பன அதன் கூறுகள். நூல்போல இழுக்கப்பட்டமையால் அப்பெயர் வந்தது. சில ஆண்டுகளுள் .303 தோட்டாவில் கருமருந்தின் இடத்தைக் கோடைற்றுப் பெற்றது.

புகை நீங்கியது, கரி நீங்கியது, குண்டின் வேகம் ஏறியது. எல்லாரும் மகிழ்ந்தனர். ஆயின் கோடைற்றின் வெப்பம் கருமருந்தினதைப் பெரிதும் மிஞ்சியது. ஆழங்குறைந்து வட்டமாய் வளைந்த மெற்போட் வரிகளை அவ்வெப்பம் மணல்வரம்பை வெள்ளம் கரைப்பதுபோலக் கரைத்தது. சில ஆயிரங் குண்டுகளுக்குள் வரி எது மேடு எது என்று வேறுபாடு தெரியாத நிலை வந்தது. எப்பண்பு கரியை வெல்ல உதவியதோ அப்பண்பே கோடைற்றுக்கு இரையாகியது.

என்பீல்டிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையார் இதற்குக் கண்ட தீர்வு எளியது. வரிகளை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைத்தனர், ஆழத்தைக் கூட்டினர், மூலைகளைச் சதுரமாக்கினர். வரிகள் குறைந்தமையால் மேடுகள் அகன்று வலுப்பெற்றன. ஆழங் கூடியமையாற் கரைவதற்குரிய உருக்கு மிகுந்தது. கரி தங்கும் மூலைகள் மீண்டும் வந்தனவே எனின், தங்குவதற்குக் கரி இப்போது இல்லை. 1895இல் இப்புரியுடன் வெளிவந்த துப்பாக்கியே லீ-என்பீல்ட். ஐந்து வரிகள் ஏன் என்னும் வினாவுக்கு விடை இதுவே.

மற்றொரு புறத்தாலும் இச்சிக்கல் அணுகப்பட்டது. குழலைத் திருத்தியதோடமையாது மருந்தையுந் திருத்தினர். 1901இல் நைத்திரோகிளிசரினை 58இலிருந்து 30 பங்காகக் குறைத்து, வெடிபஞ்சை 65 பங்காகக் கூட்டினர். வெப்பம் தணிந்தது, தேய்வுங் குறைந்தது.

மெற்போட்டின் கருத்துப் பிழையாகிவிட்டதோ என ஒருவர் வினவலாம். அன்று. யப்பானியர் தம் அரிசாகா துப்பாக்கிகளில் மெற்போட் முறைப் புரியையே கையாண்டனர். மூலையற்ற பலகோணப் புரி இன்றும் சில கைத்துப்பாக்கிகளில் வழங்குகின்றது. கோடைற்றோடு அது பொருந்தாமற்போயிற்று, அவ்வளவே. ஒரு கருவியின் குணமும் குற்றமும் அக்கருவியில் மட்டும் இல்லை. அஃது எதனோடு சேர்ந்து உழைக்கின்றதோ அதனையும் பொறுத்தன.

இரண்டாம் உலகப்போர் இதற்கு வேறொரு சான்று தந்தது. விரைவாகப் பெருந்தொகைக் குழல்களை ஆக்கவேண்டிய நெருக்கடியில், கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் .303 குழல்கள் பலவற்றுக்கு இரண்டே வரிகள் வெட்டப்பட்டன. அமெரிக்கரின் 1903-ஏ3 துப்பாக்கியிலும் அவ்வாறே செய்தனர். சோதித்துப் பார்த்தபோது அவை படைத்தொழிலுக்குப் போதிய திருத்தமுடையனவாகவே இருந்தன. மெற்போட் ஏழு என்றார்; என்பீல்டு ஐந்து என்றது; நெருக்கடி இரண்டு போதுமென்றது. போதும் என்பது எதற்குப் போதும் என்பதைப் பொறுத்தது.

6. குரோமியப் பூச்சு

உருக்கின்மேற் குரோமியத்தை மெல்லிய படலமாகப் பூசினால் வெப்பமும் துருவும் அதனை எளிதில் அணுகா. யப்பானியர் 1939இல் ஏற்ற அரிசாகாவின் குழல் உட்புறங் குரோமியம் பூசப்பெற்றது. பின்னர் சோவியத்து நாட்டின் கலாஷ்னிக்கோவ் துப்பாக்கிக்கும் அவ்வாறு பூசினர். ஆயின் இப்பூச்சு நுண்மைக்குச் சிறிது ஊறு செய்யும். மின்வழியாற் படியும் உலோகம் எங்கும் ஒரே தடிப்பாகப் படிவதில்லை. மூலைகளில் ஒருவாறும் பள்ளத்தில் வேறொருவாறும் படியும். அப்படலத்தை மீண்டும் மெருகிட்டுச் சீராக்குதலும் எளிதன்று. ஆகவே பந்தயச் சுடுநர் பூச்சில்லாத குழலையே நாடுகின்றனர்.

இப்பூச்சை விட்டுவிடுவதன் விலை யாதென்பதை வியற்நாம் போர் காட்டியது. அமெரிக்கப் படைக்கு அளிக்கப்பட்ட எம்-16 துப்பாக்கியின் துளையும் தோட்டாவறையும் முதலிற் குரோமியம் பூசப்படவில்லை. துளை சிறிது, அதனுட் சீராகப் பூசுதல் அரிது. இத்துப்பாக்கிக்குத் துடைத்தல் மிகுதியும் வேண்டாம் என்னும் எண்ணமும் பரவியிருந்தது. துடைக்குங் கருவிகளும் போதிய அளவு வழங்கப்படவில்லை. மருந்தின் வகையும் இடையில் மாற்றப்பட்டது. வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டில் அறையினுட் துருப்புள்ளிகள் தோன்றின. வெடித்த தோட்டாக்கூடு அவற்றிற் பற்றிக்கொண்டு வெளிவர மறுத்தது. சுடாது நின்ற துப்பாக்கியைக் கையிற் கொண்டே இளைஞர் மடிந்தனர் என்னும் முறைப்பாடுகள் எழுந்தன. 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று இதனை விசாரித்துக் கடுமையான அறிக்கை வெளியிட்டது. காரணங்கள் பலவாயினும், அறைக்குக் குரோமியம் பூசியதும் துடைக்குங் கருவியும் பயிற்சியும் அளித்ததும் கேட்டைப் பெரிதுங் குறைத்தன. பின்னர் துளை முழுவதுமே பூசப்பட்டது. அத்துப்பாக்கி குறிதவறுவது என்று எவரும் குறை கூறவில்லை. குறிவைத்தபோது அது சுடவில்லை என்பதே குறை.

7. தெரிவு செய்யும் முறை

இதுவரை கண்டவற்றைக் கொண்டு, குழலைத் தெரிவு செய்வோன் தன்னைத் தானே வினவவேண்டியவற்றை வகுத்துக் கூறுவோம்.

முதல் வினா: எத்துணைத் தொலைவில், எத்துணைப் பெரிய குறி? மரைவேட்டையாடும் நாட்டினன் ஒருவன் 150 யாருக்குள்ளேயே சுடுவானாயின், இரண்டு கலைப் பரவலும் மூன்று அங்குலத்திற் சிறிதே கூடும். அவனுக்கு அது சாலும். அரைக்கலைக் குழலுக்கு அவன் கொடுக்கும் பொருள் பெரும்பாலும் வீணே. 1,000 யாரிற் போட்டியிடுவோனுக்கோ ஒவ்வொரு காற்கலையும் வெற்றிதோல்வியை நிருணயிக்கும்.

இரண்டாம் வினா: எத்தனை குண்டுகள், எவ்வளவு விரைவில்? ஆண்டுக்கு இருபது குண்டு சுடும் வேட்டைக்காரனுடைய குழல் அவன் பேரனுக்கும் உழைக்கும். அவன் தேய்வைப்பற்றிக் கவலுதல் வேண்டா. வாரந்தோறும் நூறு குண்டு சுடும் போட்டியாளனுக்குக் குழல் என்பது தேய்ந்ததும் மாற்றும் வண்டிச்சில்லுப் போன்றது. ஆகவே அவன் ஆயுளைக் கொடுத்து நுண்மையை வாங்குகின்றான். தொடர்ந்து சுடும் இயந்திரத்துப்பாக்கிக்கோ திண்மையே முதல். அமெரிக்க எம்-60இன் குழலில் தொண்டைப்பகுதிக்கு ஸ்ரெல்லைற்று என்னும் வெப்பந்தாங்கும் கலப்புலோகத்தால் உள்ளுறை இட்டனர்.

மூன்றாம் வினா: எவ்வுலோகம், எம்முறை? குரோமியமும் மொலிப்டினமும் சிறிதளவு கலந்த உருக்கு வலியது, விலை குறைந்தது, பூச்சை நன்கு ஏற்பது, ஆயின் துருவேறும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற் குரோமியங் கலந்த துருவேறா உருக்கை மிக வழுவழுப்பாக மெருகிடலாம். போட்டியாளர் விரும்புவது அதுவே. வரிகளை ஒற்றையுளியாற் சிறிது சிறிதாக வெட்டும் பழைய முறை மெதுவானது. ஆயின் உலோகத்தினுள் இறுக்கத்தை விளைவிப்பதில்லை. கடிய குமிழொன்றைத் துளையினூடே இழுத்து வரி பதிக்கும் முறை விரைவானது. பின்னர் சூடேற்றி இறுக்கந் தணித்தல் வேண்டும். புரியின் எதிர்வடிவமுடைய தண்டின்மேற் குழலை வைத்துச் சுற்றிலுஞ் சம்மட்டிகளால் அடித்துப் பதிப்பது மூன்றாவது முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் யேர்மனியிற் பயன்பட்டது. அடிபட்ட உட்சுவர் செறிந்து நெடுங்காலம் உழைப்பதாற் படைத்துப்பாக்கிகளுக்கு மிகுதியும் விரும்பப்படுகின்றது. இம்மூன்றனுள் இதுவே சிறந்தது எனப் பொதுவாகக் கூறுதல் இயலாது. கவனமாகச் செய்த எளியமுறை, கவனமின்றிச் செய்த உயர்முறையினும் மேலானது.

நான்காம் வினா: எங்கே வைத்திருப்பது, யார் பேணுவது? உப்புக்காற்று வீசும் கடற்கரையும் நீராவி நிறைந்த காடும் பூச்சுடைய குழலையோ துருவேறா உருக்கையோ வேண்டும். நாள்தோறும் துடைப்பவன் கையிற் சாதாரண உருக்கும் நீடுவாழும். துடையாதவன் கையில் எதுவும் நெடுநாள் நில்லாது.

இந்நான்குக்கும் விடை கண்டபின்னரே விலையைக் கேட்டல் முறை. முதலில் விலையைக் கேட்போன், தனக்கு வேண்டாத பண்புக்குப் பணங்கொடுப்பான். அன்றேல் வேண்டிய பண்பை மலிவுக்காக விட்டுவிடுவான்.

8. முடிவு

மேற்கூறியவற்றால் நுண்மையும் திண்மையும் ஒன்றையொன்று முற்றாக அழிப்பன அல்ல என்பது பெறப்படும். என்பீல்டின் ஐந்து வரிகள் இரண்டையும் ஓரளவு ஒருங்கே தந்தன. மருந்தின் வெப்பத்தைத் தணித்தமை இரண்டையும் ஒருசேர உயர்த்தியது. ஆயினும் ஓர் எல்லைக்கு மேல் ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றைச் சிறிது விடவே வேண்டும். அவ்வெல்லை எங்கே உள்ளது என்பதைத் தொழிற்சாலையார் தனித்து நிருணயித்தல் இயலாது. பயன்படுத்துவோன் தன் தொழிலை அறிந்து கூறும்போதே அது துலங்கும். விற்வேர்த்தின் குழலைச் சோதித்தவர்கள் அதனைச் சேற்றிலும் சோதிக்கவேண்டியிருந்தது. எம்-16ஐ அளித்தவர்கள் ஈரக்காட்டை முன்னரே எண்ணியிருக்கவேண்டும். எண்ணாமையின் விலையைத் தொழிற்சாலையார் கொடுக்கவில்லை. அதைக் கையில் ஏந்தியவனே கொடுத்தான்.

நம் மாணவர் நாளை பாலங் கட்டுவர், மருந்து ஆக்குவர், வயலுக்கு நீரிறைக்கும் பொறியைத் தெரிவு செய்வர், பாடத்திட்டம் வகுப்பர். எத்தொழிலிலும் மிகத் திருத்தமானது ஒன்றும் மிக உறுதியானது ஒன்றும் அவர்முன் நிற்கும். அப்பொழுது எது சிறந்தது எனப் பொதுப்பட வினவாது, யார் கையில், எந்நிலத்தில், எத்துணை நாளைக்கு என வினவுவாராயின், அவர் கற்ற கல்வி பயனுடையதாகும்.